கோல் போடாதவருக்கு எதற்கு இவ்வளவு பணம்? நவோமி கிர்மாவின் ஆட்டக் கதை

கேள்வி இது: "என் மகள் பள்ளி அணியில் பேக் ஆடுகிறாள். கோல் போடுகிறவர்களின் பெயர்தான் எல்லோருக்கும் தெரிகிறது, பின்னால் நிற்கிறவளுக்கு என்ன எதிர்காலம் என்று கேட்கிறாள். அமெரிக்காவின் நவோமி கிர்மா என்ற டிஃபெண்டரைப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒரு கிளப் வாங்கியதாகப் படித்தேன். அப்படி அவரிடம் என்ன இருக்கிறது? அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்? விவரமாகச் சொல்ல முடியுமா?"

உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. நானும் பள்ளியில் ஸ்டாப்பர் ஆடியவன். ஆட்டம் முடிந்ததும் கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பின்னால் நின்று ஆடிய எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் கிர்மாவைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆசையாகவே இருக்கிறது.

பணக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சீ கிளப், அமெரிக்காவின் சான் டியாகோ வேவ் அணியிடமிருந்து கிர்மாவை 11 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் ஒன்பதரைக் கோடி ரூபாய். பெண்கள் கால்பந்தில் ஒரு ஆட்டக்காரருக்காகப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் மாற்றுக் கட்டணம் அதுதான். இந்தத் தொகை ஆட்டக்காரரின் கைக்குப் போவதில்லை, ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுக்கொடுக்கும் பழைய கிளப்புக்குப் போகும். அவருடைய சம்பளம் தனிக் கணக்கு.

இதில் என்னை அசைத்துப் பார்த்தது தொகையின் அளவு அல்ல. ஆண்கள் கால்பந்தில் நெய்மார் மாதிரி முன்னால் ஆடுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் உலக சாதனை விலை போகும். விர்ஜில் வான் டைக்கை 2018 ஜனவரியில் லிவர்பூல் 7.5 கோடி பவுண்டுக்கு வாங்கியபோதுகூட அது டிஃபெண்டர்களுக்குள் சாதனையே தவிர, மொத்தத்தில் அல்ல. பெண்கள் ஆட்டத்தில் அந்த முதல் பத்து லட்சம் ஒரு சென்டர் பேக்குக்கு, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டருக்குப் போயிற்று. அதே ஆண்டுக்குள் அந்தச் சாதனை முறியடிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு பெரிய விலைக்குப் போன ஒலிவியா ஸ்மித், லிஸ்பெத் ஒவாயே இருவரும் முன்கள ஆட்டக்காரர்கள். ஆனாலும் கதவை முதலில் திறந்தது பின்னால் நிற்கும் ஒருவர்.

சரி, ஆரம்பத்துக்கு வருவோம்.

கிர்மா பிறந்தது 2000 ஜூன் 14, கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில். அப்பா, அம்மா இருவரும் எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள். பெயரில் ஒரு சின்னச் சேதி இருக்கிறது, நமக்கு உடனே புரியும். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொள்வார்கள். ஆக, கிர்மா என்பது அவருடைய அப்பாவின் பெயர். நம்மூரில் இனிஷியலாகப் போடுவதை அவர்கள் முழுதாக எழுதுகிறார்கள், அவ்வளவுதான். இன்று ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கானோர் கத்தும் பெயர் அவர் அப்பாவுடையது என்று நினைக்கும்போது எனக்கு ஏனோ மனசு நிறைகிறது.

அந்த அப்பாவுக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. அந்த வட்டாரத்து எத்தியோப்பியக் குடும்பங்கள் வார இறுதியில் ஒன்றுகூடும், பிள்ளைகளுக்குக் கால்பந்து நடக்கும். மலேடா என்று அதற்குப் பெயர். அம்ஹாரிக் மொழியில் விடியல் என்று அர்த்தம். அப்பா அதை நடத்தியவர்களில் ஒருவர். கிர்மா சின்னப் பிள்ளையாக அண்ணனோடு அங்கே போய்த்தான் பந்தை உதைக்கத் தொடங்கினார். தேர்வு, தரவரிசை, கத்துகிற கோச் எதுவும் கிடையாது. பிள்ளைகள் ஆடுவார்கள், பெரியவர்கள் சமைப்பார்கள், பேசுவார்கள், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

அமெரிக்காவில் இது எவ்வளவு அபூர்வம் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பிள்ளைகள் கால்பந்து என்பது பெரும்பாலும் காசு கட்டி ஆடும் ஆட்டம். கிளப்புக்குக் கட்டணம், வெளியூர் போட்டிகளுக்குப் பயணச் செலவு, சீருடை என்று வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் வயதிலேயே தோற்றால் என்ன ஆகும் என்ற பயத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடும் ஏற்பாடு அது. கிர்மாவும் பிறகு கிளப் கால்பந்துக்குள் போனார்தான். ஆனால் பந்தோடு அவருக்கு முதல் பழக்கம் ஏற்பட்டது பயமில்லாத ஒரு மைதானத்தில். நெருக்கடியிலும் அவர் பந்தை அவசரமாக எங்கேயோ உதைத்துத் தள்ளாமல் நிதானமாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மலேடாதான் நினைவுக்கு வரும். இது என் ஊகம், ஆனால் இதை நான் நம்புகிறேன்.

அடுத்தது ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம், 2018-ல். அங்கே அவர் எடுத்த பாடம் சிம்பாலிக் சிஸ்டம்ஸ். கணினி, தத்துவம், மொழியியல், உளவியல் நான்கையும் கலந்து, மனிதரும் இயந்திரமும் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று பார்க்கும் படிப்பு. ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஆனால் படிப்பை ஒப்புக்கு வைத்துக்கொண்டு ஆடியவர் அல்ல அவர்.

ஸ்டான்ஃபர்டின் அந்த அணி சாதாரண அணியல்ல. முன்னால் சோஃபியா ஸ்மித்தும் கத்தரினா மகாரியோவும், பின்னால் கிர்மா, கோலில் கேட்டி மெயர். 2019 டிசம்பரில் தேசியக் கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் நடந்தது கிர்மாவின் சொந்த ஊரான சான் ஹோசேயிலேயே. எதிரணி நார்த் கரோலைனா, பெண்கள் கல்லூரிக் கால்பந்தின் பழம்பெரும் அணி. கூடுதல் நேரமும் முடிந்து ஸ்கோர் 0-0. பெனால்டியில் 5-4 என்று ஸ்டான்ஃபர்ட் ஜெயித்தது. மெயர் இரண்டு பெனால்டிகளைப் பிடித்தார்.

அந்த 0-0-வை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஸ்கோர் அட்டையைப் பார்க்கிறவருக்கு அது ஒன்றும் நடக்காத ஆட்டம். பின்னால் நிற்கிறவருக்கு அதுதான் செய்த வேலையின் கணக்கு.

2020 நல்லபடியாகத்தான் தொடங்கியது. இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கேப்டனாக இருந்து, வட, மத்திய அமெரிக்க கரீபியன் சாம்பியன்ஷிப்பை வென்றார். அந்த ஆண்டின் சிறந்த இளம் வீராங்கனை என்று அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில்தான் முழங்காலில் ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிந்தது. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பையும் குறுக்காகப் பிடித்து வைத்திருக்கும் நார் அது. ஓடி வந்து சட்டென்று நிற்பது, திரும்புவது எல்லாம் அதன் தயவில்தான். கிழிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, திரும்பி வர ஏறக்குறைய ஒரு வருடம். பெண் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இடுப்பு, தொடை அமைப்பு, தசைப் பயிற்சி, மைதானம், பெண்களின் காலுக்கென்று செய்யாத ஷூ என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன.

உங்கள் மகள் இப்போது ஆடிக்கொண்டிருப்பதால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன் செய்ய ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம்-அப் பயிற்சி இருக்கிறது. இருபது நிமிடம்தான் ஆகும். எந்தக் கருவியும் வேண்டாம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் இறங்குவது, ஒற்றைக் காலில் நிலையாக நிற்பது, தொடையின் பின்பக்கத் தசையை வலுப்படுத்துவது, இவைதான் அதன் அடிப்படை. தொடர்ந்து செய்தால் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பள்ளியில் சொல்லித்தராவிட்டால் வீட்டிலிருந்தே பழக்கிவிடுங்கள். மைதானத்தை இரண்டு சுற்று ஓடினால் வார்ம்-அப் முடிந்தது என்ற பழைய வழக்கத்தை நம்பாதீர்கள்.

கிர்மா முழங்கால் தேறி வந்து ஸ்டான்ஃபர்டில் கடைசி சீசன் ஆடினார். 2021 டிசம்பரில் டிராஃப்ட். அமெரிக்காவின் தேசிய மகளிர் கால்பந்து லீகில் அப்போது கல்லூரி முடித்தவர்கள் தாங்களே கிளப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது, கிளப்புகள் வரிசையாக ஆளைத் தேர்ந்தெடுக்கும். அதில் முதல் ஆளாகக் கிர்மாவை எடுத்தது சான் டியாகோ வேவ். அப்போதுதான் பிறந்த அணி, முதல் சீசனே 2022-ல்தான். (அந்த டிராஃப்ட் முறையை 2024-ல் லீக் அடியோடு ஒழித்துவிட்டது. இப்போது ஆட்டக்காரர்கள் தங்கள் விருப்பப்படி கிளப்பில் சேரலாம். வேலைக்குச் சேரும் இடத்தை அடுத்தவர் முடிவு செய்வது சரியில்லை என்பதே என் எண்ணமும்.)

ஒரு விதத்தில் கிர்மாவுக்கு அது அதிர்ஷ்டமாக அமைந்தது. வேவின் கோச் கேசி ஸ்டோனி, இங்கிலாந்துக்குக் கேப்டனாக இருந்த முன்னாள் டிஃபெண்டர். சென்டர் பேக் வேலையைத் தானே செய்து பார்த்தவரிடம், தொழில்முறை வாழ்க்கையின் முதல் நாளிலிருந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆனால் அந்த முதல் சீசன் தொடங்கும் நேரத்தில்தான் ஒரு பேரிழப்பு. 2022 மார்ச் தொடக்கத்தில், ஸ்டான்ஃபர்டில் இன்னும் படித்துக்கொண்டிருந்த கேட்டி மெயர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 22. சான் ஹோசேயில் அந்த இரண்டு பெனால்டிகளைப் பிடித்த அதே மெயர். கிர்மாவுக்கு நெருங்கிய தோழி. புது ஊர், புது அணி, முதல் வேலை எல்லாம் இந்தத் துக்கத்தின் நடுவில்தான் ஆரம்பித்தன. அடுத்த மாதமே, ஏப்ரல் 12 அன்று உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக அமெரிக்காவின் சீனியர் அணிக்காக முதல் ஆட்டம்.

அந்தத் துக்கத்தை அவர் மூடி வைத்துக்கொள்ளவில்லை. 2023 உலகக் கோப்பைக்கு முன்னால் தன் உலகக் கோப்பையை மெயருக்குக் காணிக்கையாக்குவதாக எழுதினார். காமன் கோல் என்ற அமைப்போடு சேர்ந்து, விளையாட்டு வீரர்களின் மனநலம் பற்றி வெளிப்படையாகப் பேசும் ஒரு முயற்சியைத் தொடங்கினார். ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் தன் உலகக் கோப்பை ஒளிபரப்பில் ஒரு சதவீதத்தை அதற்காக ஒதுக்கியது. முதல் உலகக் கோப்பைக்குப் போகும் 23 வயதுப் பெண்ணுக்குத் தன் ஆட்டத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட எல்லா உரிமையும் இருந்தது. அவர் தோழியையும் கூட்டிக்கொண்டு போனார்.

மைதானத்திலோ, 2022-ல் வேவ் மூன்றாவதாக முடித்தது. முதல் சீசனிலேயே பிளே-ஆஃபுக்குப் போன முதல் புது அணி அது. ஆண்டின் சிறந்த அறிமுக வீராங்கனை, ஆண்டின் சிறந்த டிஃபெண்டர் இரண்டு விருதும் கிர்மாவுக்கு. ஒரே சீசனில் இரண்டையும் வாங்கியவர் அதற்கு முன் எவரும் இல்லை. 2023-ல் வேவ் லீக் பட்டியலில் முதலிடம், அவர் மறுபடியும் சிறந்த டிஃபெண்டர்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம்: அப்படி அவரிடம் என்ன இருக்கிறது?

உயரம் இல்லை. ஐந்தடி ஆறங்குலம்தான், சென்டர் பேக்குக்கு அது குறைவு. முரட்டுத்தனமும் இல்லை. ஒரு காட்சியை மட்டும் கவனியுங்கள். எதிரணி ஸ்ட்ரைக்கர் பந்தோடு வேகமாக அவரை நோக்கி வருகிறார். நம்மூர் மைதானத்தில் என்ன நடக்கும்? "விடாதே, போ, போ!" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவார்கள், பேக் ஆடுகிறவர் காலை நீட்டிப் பாய்வார், ஸ்ட்ரைக்கர் பந்தைப் பக்கத்தில் தட்டிக்கொண்டு போய்விடுவார். கிர்மா பாய மாட்டார். நேருக்கு நேராக நிற்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்கிக்கொண்டே, கோல் இருக்கும் பக்கத்தை அடைத்து, ஓரக்கோட்டுப் பக்கத்தைத் திறந்து வைப்பார். போவதானால் அந்தப் பக்கம் போ என்பது போல. ஸ்ட்ரைக்கர் அந்தப் பக்கம் பந்தைத் தட்டுவார். ஏதோ ஒரு தட்டில் பந்து காலைவிட்டு அரையடி அதிகம் போகும். அந்த அரையடிக்காகத்தான் இவர் காத்திருந்தார். ஒரே எட்டு, பந்துக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவில் தன் உடம்பை நுழைத்துவிடுவார். பந்து இவருடையது. சறுக்கல் இல்லை, ஃபவுல் இல்லை, மஞ்சள் அட்டை இல்லை.

பலர் அத்தோடு திருப்தி அடைந்து பந்தை மேலே உதைத்துவிடுவார்கள். அவர் தலையை நிமிர்த்துவார். எதிரணி தாக்க வந்து முன்னால் ஏறி நிற்கிறது, அதன் நடு வரிசைக்கும் பின் வரிசைக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நிற்கும் தன் ஆளுக்குத் தரையோடு ஒரு பாஸ். ஒரே பாஸில் எதிரணியின் நாலைந்து பேர் பந்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். கோல் விழும்போது பட்டியலில் கடைசியாகப் பாஸ் கொடுத்தவர் பெயர் வரும், அடித்தவர் பெயர் வரும். ஆரம்பித்து வைத்தவர் பெயர் வராது. செல்சீ கொடுத்த பணத்தில் பாதியாவது அந்தப் பாஸுக்கு என்பேன். கோலைத் தடுக்கிறவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். தடுத்த அடுத்த நொடியில் தாக்குதலையும் தொடங்கி வைப்பவர் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று, பல சமயம் டேக்கிள் செய்ய, அதாவது காலை விட்டுப் பந்தைப் பறிக்க வேண்டிய தேவையே அவருக்கு வராது. பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றுவிடுவார். பாஸ் கொடுக்க நினைத்த எதிரணி ஆள், இவர் நிற்பதைப் பார்த்து வேறு பக்கம் கொடுத்துவிடுவார். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. டி.வி.யில் பந்தைப் பின்தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

2023 உலகக் கோப்பையில் இந்த வேலை எவ்வளவு நன்றாக நடந்தது, அணி எவ்வளவு மோசமாகத் தோற்றது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனுபவசாலியான டிஃபெண்டர் பெக்கி சவர்பிரன் காயத்தால் போக முடியவில்லை. மிட்ஃபீல்டில் ஆடிப் பழகிய ஜூலி எர்ட்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிர்மா நின்றார். நான்கு ஆட்டங்களில் அமெரிக்கா வாங்கியது ஒரே ஒரு கோல், நெதர்லாந்தின் ஜில் ரோர்ட் போட்டது. அப்படியும் அணி வெளியேறியது, ஏனென்றால் முன்னால் கோல் விழவில்லை. ஆகஸ்ட் 6, மெல்போர்னில் ஸ்வீடனுக்கு எதிராக 120 நிமிடமும் 0-0. பெனால்டியில் ஸ்வீடனின் லினா ஹூர்டிக் அடித்த பந்தை அமெரிக்க கோல்கீப்பர் அலிசா நேஹர் கையால் தட்டினார், பந்து மேலே எழும்பிச் சுழன்று கோட்டை நோக்கி இறங்கியது, மறுபடியும் தட்டி வெளியே தள்ளினார். பிடித்துவிட்டதாகவே அவர் நினைத்தார். ரெஃப்ரியின் கைக்கடிகாரத்துக்குச் சேதி வந்தது: பந்து கோட்டை முழுதாகத் தாண்டிவிட்டது, மில்லிமீட்டர் கணக்கில். ஸ்வீடன் 5-4.

சான் ஹோசேயில் 0-0, பெனால்டி 5-4, வெற்றி. மெல்போர்னில் 0-0, பெனால்டி 5-4, தோல்வி. இரண்டு ஆட்டத்திலும் டிஃபென்ஸ் தன் வேலையைக் குறைவில்லாமல் முடித்திருந்தது. முடிவு வேறு யாரோ ஒருவர் காலிலும் கையிலும் இருந்தது. பின்னால் ஆடுகிறவர் இதைத் தாங்கப் பழகிக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தார்கள். அமெரிக்க அணி தன் வரலாற்றிலேயே மிகச் சீக்கிரமாக வெளியேறிய உலகக் கோப்பை ஆண்டில், அந்நாட்டின் சிறந்த வீராங்கனை விருது கிர்மாவுக்குப் போனது. 1985-லிருந்து தரப்படும் விருது. டிஃபெண்டர் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். செல்சீயில் 12 ஆண்டு இருந்துவிட்டு அமெரிக்க அணிக்கு வந்த எம்மா ஹேய்ஸ் கோச். 17 நாளில் ஆறு ஆட்டம், அதில் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் போனவை. கிர்மா ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மாறினார்கள், டியர்னா டேவிட்சனுக்கு அடிபட்டால் எமிலி சானெட், அவர் தேறினால் மறுபடி டேவிட்சன். இவர் மட்டும் அதே இடத்தில். ஆறு ஆட்டத்தில் அணி வாங்கியது இரண்டே கோல். இறுதியில் பிரேசிலை 1-0 என்று வென்று தங்கம். தான் பார்த்த டிஃபெண்டர்களிலேயே இவர்தான் மிகச் சிறந்தவர், இவ்வளவு நன்றாகப் பின்னால் ஆடுகிற ஒருவரைப் பார்த்ததே இல்லை என்று ஹேய்ஸ் அந்தப் போட்டியின்போதே சொன்னார். பல்லாண்டு செல்சீயில் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களோடு வேலை செய்தவர் சொன்னது என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

உங்கள் மகளுக்குப் பிடிக்கும் என்று இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: அந்த அக்டோபரில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர் நாட்டுக்காகத் தன் முதல் கோலைப் போட்டார். அதே ஆட்டத்தில் இரண்டாவதையும் போட்டார்.

செல்சீக்குப் போன பிறகு எல்லாம் பூமாலையாக இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போகும்போதே கெண்டைக்கால் காயம். 2025 மார்ச்சில் பிரைட்டனுக்கு எதிராக முதல் ஆட்டம், அதிலேயே மறுபடி அடிபட்டுப் பாதியில் வெளியே வந்தார். அந்த சீசனில் செல்சீ இங்கிலாந்து லீகைத் தோல்வியே இல்லாமல் வென்றது, இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளையும் எடுத்தது. அதில் கிர்மாவின் பங்கு கொஞ்சம்தான். விலை பெரிதாக இருந்தால் முதல் காயத்திலேயே, போட்ட காசுக்குப் பலன் எங்கே என்று கேட்கத் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால் அது அவசரப் பேச்சு. ஒப்பந்தம் 2029 வரை இருக்கிறது. சென்டர் பேக்குகளுக்கு இருபத்தைந்துக்குப் பிறகுதான் ஆட்டம் முதிரும். மிட்ஃபீல்டில், முன்களத்தில் வேகம் குறைந்தால் கஷ்டம், பின்னால் ஆடுகிறவருக்கு அனுபவம் வேகத்தை ஈடுகட்டும். சவர்பிரன் முப்பத்தைந்து வயதுக்கு மேலும் தேசிய அணிக்கு ஆடியதைப் பார்த்தோமே.

அப்புறம், உங்கள் மகளுக்கு நான் சொல்ல நினைப்பது. இரண்டு காலாலும் பாஸ் செய்யப் பழகட்டும். சுவர் ஒன்று கிடைத்தால் போதும், தினமும் பத்து நிமிடம் வராத காலால் தட்டி வாங்கட்டும். மைதானத்தில் பேசக் கூச்சப்படக் கூடாது. முழு ஆட்டமும் கண்முன்னே தெரிவது கோல்கீப்பருக்கும் பேக்குக்கும்தான், முன்னால் இருப்பவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் வரும் ஆளைப் பற்றி இவள்தான் குரல் கொடுக்க வேண்டும். கோச் நடுவில் போட்டாலும் ஓரத்தில் போட்டாலும் ஆடிப் பார்க்கட்டும், ஸ்ட்ரைக்கராகக் கொஞ்சம் ஆடினால் ஸ்ட்ரைக்கர் என்ன நினைப்பார் என்று தெரியவரும்.

ஒரு நாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, 2024 ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவும் ஜெர்மனியும் லியோனில் ஆடிய அரையிறுதியைப் போட்டுப் பாருங்கள். கூடுதல் நேரம் வரை போய் 1-0 என்று முடிந்த ஆட்டம். முதல் அரைமணி நேரம் பந்தைப் பார்க்க வேண்டாம். 4-ஆம் எண் எங்கே நிற்கிறது, எப்போது நகர்கிறது, யாரைப் பார்த்துக் கையை நீட்டிப் பேசுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சவர்பிரன் நீண்ட காலம் போட்டிருந்த எண் அது, இப்போது கிர்மாவின் முதுகில் இருக்கிறது.